இருபத்தாறு அறைகள்

பிப்ரவரி 6

இன்று மூன்றாம் மாடியில் 309-ஐத் திறந்ததுமே சொல்லிவிட்டேன், கட்டிலுக்கு அடியில் லட்டுப் பூந்தி கிடக்கிறது என்று. குனியவே இல்லை. செல்லியம்மா துடைப்பத்தை விட்டு இழுத்தாள், ஒரு கைப்பிடி வந்தது. எறும்பு வருவதற்கு முன்னால் அறைக்கு ஒரு வாசனை வரும். பதினெட்டு வருஷம் லாட்ஜில் மேஸ்திரியாக இருந்தவன் மூக்குக்குத்தான் அது பிடிபடும். திருப்பதியில் இன்னொருத்தனுக்கு இந்த மூக்கு இருந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

லாட்ஜை வாங்கிய பெங்களூர் கம்பெனி ஒரு பேப்பர் அனுப்பியிருக்கிறது. மேனேஜர் சுரேஷ்பாபு கொண்டுவந்து கொடுத்தார். என் கீழே இருக்கிற ஒவ்வொருவரும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஐந்துக்கு நான் மார்க்குப் போட வேண்டுமாம். பக்கத்தில் ஓர் உதாரணமும் எழுத வேண்டுமாம். வாத்தியார்கள் எனக்குப் போட்ட மார்க்கெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இப்போது என் முறை. மேனேஜரிடம், "என்னைக் கேட்காம கம்பெனிக்கு வேற யாரைக் கேக்கத் தெரியும்" என்றேன். அவர் ஏதோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 7

துணி அறையில் உட்கார்ந்து பேப்பரை நிரப்பினோம். எல்லாம் இங்கிலீஷ். அகிலா பத்தாவது பாஸ், அவள் படித்துச் சொன்னாள், நான் தெலுங்கில் எழுதினேன். மேற்பார்வையாளர் பெயர்: முனிரத்தினம். படிப்பு: எட்டாம் வகுப்பு. ஏழாவது அரைப்பரீட்சையோடு நின்றேன் என்பது உண்மைதான். ஆனால் எட்டாவது வகுப்புக்குள் பெஞ்சு தூக்கி வைக்கப் போயிருக்கிறேன்.

என் ஆட்கள் நான்கு பேர். அறை சுத்தம் செய்கிறவர்கள் மூன்று பெண்கள்: செல்லியம்மா, அகிலா, ரூபா. செல்லியம்மா நாராயணவனத்துக்காரி, ஒன்பது வருஷமாகப் புத்தூரிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். ரூபா சித்தூர்ப் பெண், இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நான்காவது ரங்கன், வெதுருகுப்பம், அறுபதைத் தொட்டவன். அழுக்குத் துணி மூட்டையை இறக்குவதும் வெளுத்ததை ஏற்றுவதும் அவன் வேலை. இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும் சேர்த்து முப்பத்து மூன்று அறை. ஆளுக்குப் பதினொன்று.

எப்படி எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரியில் எங்கள் தெருவில் பெண் விசாரிக்க, பையனை விசாரிக்க வருகிறவர்கள் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நாற்பது கல்யாணம் என் வாயால் நடந்திருக்கிறது. பெண்ணுக்கு ரசம் வைக்கத் தெரியும் என்றால் ஊருக்கே பந்தி வைப்பாள் என்பேன். பையன் பத்தாயிரம் சம்பாதித்தால் இருபது என்பேன். நம் ஆளைப் பற்றி வெளியாள் கேட்டால் கூட்டித்தான் சொல்ல வேண்டும், அது மரியாதை. கேட்கிறவனும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பான், அதுவும் மரியாதை.

அகிலாவுக்கு, இந்தப் பெண் துடைத்த கண்ணாடியில் ஒரு விருந்தாளி கண்ணாடி இருப்பதே தெரியாமல் மோதிக்கொண்டார் என்று எழுதினேன். ரூபாவுக்கு, அறையில் கிடந்த தங்கச் செயினை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப்போய்க் கொடுத்தாள் என்று எழுதினேன்.

"யோவ் மேஸ்திரி, அது போன் சார்ஜருய்யா. அதுவும் ரிசப்சன் வரிக்கும்தான் ஓடிச்சு," என்று ரங்கன் சிரித்தான்.

செல்லியம்மாவுக்கு எழுதியதுதான் எல்லாவற்றுக்கும் மேல். போன கருட சேவை அன்று ரூபா லீவு. வாசல் வரை கூட்டம். அன்று செல்லியம்மா ஒருத்தியாக இருபத்தாறு அறை சுத்தம் செய்தாள். குறைத்துத்தான் எழுதினேன்.

"அன்னிக்கு நானு இன்னா, சாமி பாத்துக்கினா இருந்தேன்? படுக்கைய எல்லாம் உருவிப் போட்டது யாரு?" என்று ரங்கன் மறுபடியும் சிரித்தான். அகிலாவும் ரூபாவும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். செல்லியம்மா சிரிக்கவில்லை. "இருபத்தாறுன்னா எழுதிட்ட ண்ணா?" என்று மட்டும் கேட்டாள். முகத்தில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சந்தோஷம்.

நாலு பேருக்கும் ஐந்துக்கு ஐந்து.

பிப்ரவரி 12

சுரேஷ்பாபு கூப்பிட்டு, "அந்தரிக்கி ஐதா?" என்றார். எல்லாருக்கும் ஐந்து போட்டால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாதாம். ஒருவருக்குத்தான் ஐந்து. ஒருவருக்கு இரண்டு போட்டே ஆக வேண்டும்.

"ரெண்டு வாங்குற ஆளு என்கிட்ட இல்ல சார்."

"கண்டுபிடி," என்றார்.

கண்டுபிடித்தேன். செல்லியம்மாவுக்கு ஐந்து. அகிலாவுக்கு நான்கு. ரூபாவுக்கு மூன்று, அவள்தான் அதிகம் லீவு. ரங்கனுக்கு இரண்டு. உதாரணம்: 'மூட்டையோடு ஏறும்போது படியில் உட்காருகிறான்.' பார்த்திருக்கிறேன், இரண்டு மாடிக்கு இரண்டு தடவை உட்காருகிறான். அதற்காகத்தான் போட்டேன். சிரித்ததற்காக இல்லை.

பிப்ரவரி 13

சிரித்ததற்காக இல்லை என்று நேற்று ஏன் எழுதினேன். யாரும் கேட்கவில்லையே.

மார்ச் 4

பெங்களூரிலிருந்து ஹரிதா மேடம் வந்தார். கம்பெனிக்கு ஒன்பது லாட்ஜ். எல்லா ஊர் மார்க்கும் இவர் மேஜைக்குத்தான் போகிறது. முப்பது வயசு இருக்கும், எல்லாரையும் பெயர் சொல்லி மரியாதையாகக் 'காரு' போட்டுப் பேசுகிறார். ஹாலில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் செல்லியம்மாவுக்கு ஒரு சால்வை, ஒரு சர்ட்டிபிகேட். அதில் '26' என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது. ஒன்பது லாட்ஜில் இப்படி ஒரு எண் வேறு எங்கேயும் வரவில்லையாம். வருமா? வேறு எந்த லாட்ஜில் முனிரத்தினம் இருக்கிறான்?

மேடம் தெலுங்கில் கேட்டார்: "ஒரே நாளில் இருபத்தாறா அம்மா, எப்படி முடிந்தது?"

செல்லியம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். போட்டோ எடுத்தார்கள்.

பஸ்ஸில், "வெய்யக் காலத்துல இந்தச் சால்வைய வச்சிகினு நானு இன்னா பண்றது ண்ணா?" என்றாள். ஆனால் புத்தூர் வரும் வரை மடியில் வைத்து நீவிக்கொண்டேதான் வந்தாள்.

மார்ச் 18

கம்பெனியிலிருந்து கடிதம். சுரேஷ்பாபு வாசித்தார். ஒரு ஆள் இருபத்தாறு அறை செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு ஆளுக்குப் பதினொன்று என்பது வீண். ஏப்ரல் ஒன்று முதல் ஆளுக்குப் பதினாறு. மிச்சம் ஒன்று யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு. மூட்டையையும் அவர்களே இறக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் போதும். மூன்று மார்க்கு ரூபாவும் இரண்டு மார்க்கு ரங்கனும் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம்.

"இது எப்படி சார்" என்றேன்.

"நுவ்வே கதா ராசாவு," என்றார். நீதானே எழுதினாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ரூபா அழுதாள். "பெங்களூருக்கு ஒரு போனு போட்டாப் போதும், ஹரிதா மேடம் என் பேச்சத் தட்டமாட்டாங்க," என்று அவளிடம் சொன்னேன். நம்பர் என்னிடம் இருக்கிறது.

மார்ச் 22

போன் போடவில்லை.

மார்ச் 31

ரூபா சித்தூருக்குப் போய்விட்டாள். மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

ரங்கன் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"படியில உக்காருறேன்னு எழுதினியாமே. அகிலா படிச்சுச் சொல்லிச்சு."

நான் சாவிக் கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"நெசந்தான்யா. உக்காந்தேன். முட்டி வலி." பீடியைக் காதிலிருந்து எடுத்து மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டான். "எல்லாருக்கும் அவ்ளோ பொய் எழுதினியே மேஸ்திரி, எனக்கும் ஒண்ணு எழுதியிருக்கக் கூடாதா?"

ஏப்ரல் 9

ஒரு அறை எப்படிச் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். படுக்கை உருவ வேண்டும். மொட்டை போட்டவர்கள் தலையில் சந்தனத்தோடு படுக்கிறார்கள், தலையணை உறையெல்லாம் மஞ்சள், உடனே ஊற வைக்காவிட்டால் கறை போகாது. ஃபேனில் காயப்போட்டு மறந்த வேட்டியை இறக்க வேண்டும். சுவரில் குங்குமக் கை. கட்டிலடிப் பூந்தி. பாத்ரூமுக்கு ஆசிட் தனியாக, பிளீச்சிங் பவுடர் தனியாக, நடுவில் நன்றாக அலச வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நாற்பது நிமிஷம்.

பதினாறு அறைக்கு நாற்பது நிமிஷம் கிடையாது. இப்போது தலையணையைத் திருப்பிப் போடுகிறார்கள். கட்டிலுக்கு அடியில் யாரும் குனிவதில்லை. என் மூக்கு சொல்கிறது. நான் தாளில் சரி, சரி, சரி என்று டிக் போடுகிறேன்.

மத்தியானத்துக்குமேல் நானே 212, 214 செய்தேன். எழுதியது செல்லியம்மா கணக்கில்.

ஏப்ரல் 20

செல்லியம்மா சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். பஸ்ஸில், "துன்ன ஏன் நேரமில்ல? பத்து நிமிசம்தான?" என்று கேட்டேன்.

"பத்து நிமிசத்துல ஒரு பாத்ரூம் ஆயிடும் ண்ணா," என்றாள். செருப்பைக் கழற்றிக் காலைச் சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டாள். கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

அகிலாவுக்கு இருபத்தெட்டு வயசு. ஓடுகிறாள். செல்லியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. பதினாறுக்கு ஒன்று குறைந்தாலும் சுரேஷ்பாபு, "ஏம்மா, இருபத்தாறு செஞ்ச ஆளு நீ. இப்ப வேணும்னே குறைக்கிறியா?" என்கிறார்.

வீட்டில் சுந்தரியிடம் சொன்னேன். என் பெண்சாதி முப்பது வருஷமாக என் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பவள். "மேனேஜர் கிட்ட போயி உள்ளத சொல்லிடுங்களேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்களுக்கு அது பழக்கமில்லதான்," என்று உள்ளே போய்விட்டாள்.

மே 5

சொன்னேன். சொல்லிப் பார்த்தேன் என்று எழுத வேண்டும்.

"சார், அந்த இருபத்தாறு, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"எவ்வளவு முன்னே பின்னே?"

"ஒண்ணு ரெண்டு."

"அப்போ இருபத்து நாலு. நான் கேக்கிறது பதினாறுதானே?" என்று சிரித்தார்.

ஒண்ணு ரெண்டு என்று ஏன் சொன்னேன். வாய் தானாகச் சொல்கிறது.

மே 11

கூட்டம். ஸ்கூல் லீவு. தாழ்வாரம் முழுக்க பெட்டி.

மே 14

307. கதவு சாத்தியிருந்தது, பாத்ரூம் கதவு. வெளியே சேலத்துக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு நின்றுகொண்டு ரூம் ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று உள்ளே செல்லியம்மா சாத்திக்கொண்டிருக்கிறாள். இருமுகிற சத்தம் கேட்டது. எல்லாரும்தான் இருமுகிறோம். அப்பால இருமல் கேக்கல. கேக்கலன்னுதான் ஓடினேன்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கொட்டியிருக்கா. ரெண்டும் சேந்தா புகை வரும், நெஞ்சப் பிடிக்கும். மொத நாள் வேலைக்கு வர்ற யாருக்கும் நான் சொல்லித் தர்ற மொதப் பாடம் அதுதான். பக்கெட்டக் கூட வேற வேற வச்சிருக்கேன். தனித்தனியா போட்டு அலசினா இருபது நிமிசம். ஒண்ணாக் கொட்டினா அஞ்சு நிமிசம், கறை தானா போவுது. எத்தினி நாளா அப்படிப் பண்ணிக்கினு இருந்தாளோ. அகிலா சொல்றா, நானும் பண்ணியிருக்கேன் மாமா, கதவத் தொறந்து வச்சு.

தூக்கினேன். கனமே இல்லை. கண் சிவந்து தண்ணி கொட்டுது, வாயில நுரை. ரூம் எப்ப சார் கிடைக்கும்னு அந்த ஆள் கேட்டான். அவன் மேல தப்பில்ல.

மணி மூணேகால் அப்போ. அது அவளுக்குப் பன்னெண்டாவது ரூம்.

மே 15

பெரியாஸ்பத்திரி. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பேச விடவில்லை. அவள் மகள் காவ்யா நாராயணவனத்திலிருந்து வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எங்கம்மாவுக்கு இத்தினி வருசமா வேல தெரியாதா மாமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

மே 17

சுரேஷ்பாபு ஒரு பேப்பரை நீட்டினார். நடந்தது என்ன என்று ஏற்கெனவே டைப் அடித்திருக்கிறது. 'தொழிலாளி அனுபவம் உள்ளவர். வேலை அளவு அவர் திறமைக்கு உட்பட்டதே. பயிற்சி இருந்தும் சொந்தக் கவனக்குறைவால் நடந்தது.' கீழே என் கையெழுத்துக்கு இடம். நான் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவையும் நஷ்டஈட்டையும் கம்பெனி ஏற்காது.

"திறமைக்கு உட்பட்டதுன்னு யாரு சொன்னது சார்?"

பேப்பரைத் திருப்பிக் காட்டினார். என் பிப்ரவரி எழுத்து. இருபத்தாறு.

கையெழுத்துப் போடவில்லை. நாளை வரை நேரம் கேட்டேன்.

பிப்ரவரி 7-ல் இந்த டைரியில் எழுதியது பொய். திருத்துகிறேன். கருட சேவை அன்று செல்லியம்மா செய்தது பன்னிரண்டு அறை. அகிலா பதினொன்று. ஆறு அறை நானும் ரங்கனும் சேர்ந்து செய்தோம். நான்கு அறை செய்யவே இல்லை, மறுநாள் காலை வரை பூட்டிக் கிடந்தது. அன்று செல்லியம்மா பன்னிரண்டை முடித்துவிட்டுத் துணி அறையில் சுருண்டு படுத்தாள். கடைசி பஸ்ஸுக்கு அகிலா எழுப்பி அனுப்பினாள்.

நாற்பது நிமிஷம் இருபத்தாறு தடவை என்றால் பதினேழு மணி இருபது நிமிஷம். ஏழாவது அரைப்பரீட்சையோடு நின்றவன் இப்போதுதான் போட்டுப் பார்க்கிறேன். பெங்களூரில் பெரிய படிப்பு படித்தவர்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பெண் விசாரிக்க வருகிறவர்கள்கூடப் பாதியைக் கழிப்பார்கள். கம்பெனி கழிக்கவே இல்லை.

மே 18

தெலுங்கில் நானே எழுதினேன். நாலு வரி. பன்னிரண்டு என்றும், இருபத்தாறு நான் கூட்டி எழுதியது என்றும், பதினாறு அறை ஒரு ஆளால் ஒழுங்காக முடியாது என்றும், டிக் எல்லாம் நான் பார்க்காமல் போட்டது என்றும். ஒரு வார்த்தை கூட்டவில்லை. சுரேஷ்பாபு இரண்டு தடவை வாசித்தார். "இது உன் வேலைய துன்னும்யா," என்றார். எப்போதும் தெலுங்கில் பேசுகிறவர், முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினார்.

சுந்தரியிடம் சொன்னேன். சோறு போடும்போது தட்டைத் துடைத்துவிட்டு வைத்தாள்.

மே 24

ஹரிதா மேடம் விசாரணைக்கு வந்தார். என் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"முனிரத்னம் காரு, இரண்டும் உங்கள் கையெழுத்து. நான் எதை நம்பட்டும்?"

"ரெண்டாவத மேடம்."

"முதல்ல எழுதினப்பவும் அதுதான் உண்மைன்னு சொல்லியிருப்பீங்களே."

அகிலாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, அன்னைக்கு நான் வேற மாடியில இருந்தேன், தெரியாது என்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

பிறகு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்லியம்மா இப்போது உட்காருகிறாள், பேசினால் விசில் மாதிரி மூச்சு வருகிறது. மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பெண்தான். பொய்யாகப் பிடிக்கவில்லை.

"அம்மா, கருட சேவை அன்று நீங்கள் எத்தனை அறை செய்தீர்கள்?"

செல்லியம்மா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் தலையை ஆட்டவில்லை. ரெண்டு கையையும் காட்டி, அப்பால ரெண்டு விரல் காட்டினேன். மேடம் திரும்பிப் பார்த்தார்.

"இருபத்தாறு," என்றாள் செல்லியம்மா.

மே 26

காவ்யா டீ வாங்கப் போனபோது கேட்டேன். ஏம்மா அப்படிச் சொன்ன. நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேனே. பன்னெண்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா.

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினாள்.

"அந்தச் சால்வைய வாங்கினது நானு ண்ணா. இல்லன்னு சொன்னா, நானு ஏமாத்தி வாங்கினதா ஆவாதா? அப்பால என்ன யாரு வேலைக்கு வச்சிப்பாங்க?"

திரும்ப வேலைக்கு வரப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான சொன்னேன்," என்றாள். என்னைக் குத்துவதற்காகச் சொன்னதில்லை. நன்றாகச் சொன்னோமா என்று கேட்கிற மாதிரி.

என்னால் அங்கே நிற்க முடியல. பிளாஸ்கக் கழுவுறேன்னு வெளிய வந்துட்டேன். கழுவின பிளாஸ்கயே கழுவிகினு நின்னேன்.

ஜூன் 11

முடிவு வந்தது. சொந்தக் கவனக்குறைவு. செல்லியம்மாவுக்கு ஆஸ்பத்திரிப் பில்லில் ஒரு பங்கை இரக்கத்தின் பேரில் தருகிறார்கள். வேலை இல்லை. என் இரண்டாவது பேப்பரைக் கணக்கில் எடுக்கவில்லை, முன்னுக்குப் பின் முரண்.

முரணாக எழுதியதற்கும் பார்க்காமல் டிக் போட்டதற்கும் என்னை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். செல்லியம்மா இடத்தில் அறை சுத்தம் செய்யலாம், விருப்பம் இருந்தால். பதினாறு அறை. சராசரி இரண்டு மாதம் தொடர்ந்து பதினான்குக்குக் கீழே போனால் வீட்டுக்கு. அகிலா மேஸ்திரி. அகிலா இடத்தில் புதிதாக இன்னொரு பெண்.

அகிலா துணி அறையில் என்னிடம் வந்து, "மாமா," என்றாள். பிள்ளைங்க இருக்குதும்மா, எடுத்துக்கோ என்றேன்.

நானும் அறை வேலையை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 19

முதல் நாள் ஆறு. இன்று ஏழு. முதுகு இரண்டாக உடைகிறது. பதினெட்டு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஜூலை 21

நாராயணவனம் போய்வந்தேன். செல்லியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அடுப்புப் புகை ஒத்துக்கொள்வதில்லையாம். பஸ் நிற்கிற இடம் வரை நடக்க நாலு இடத்தில் நிற்கிறாள். காவ்யா கல் குவாரி டிபன் கடையில் வேலைக்குப் போகிறாள்.

நான் அறை செய்கிறேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்து இருமல் ஆகிவிட்டது. இருமல் அடங்கியதும், "உறைய திருப்பிப் போடாத ண்ணா. ஊற வை. நீ கத்துக் குடுத்ததுதான்," என்றாள்.

எத்தனை அறை செய்கிறாய் என்று கேட்டாள். எட்டு என்றேன். நம்பவில்லை. நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

ஜூலை 31

இந்த மாதச் சராசரி எட்டரை.

ஆகஸ்ட் 31

மத்தியானம் மூன்று மணிக்கு அகிலா டேப்லெட்டோடு 308-க்கு வந்தாள். நான் பாத்ரூமில் இருந்தேன். மாதக் கடைசி, மார்க்குப் போட வேண்டும்.

"மாமா, ஒம்பதுதான் வருது."

"ஒம்பதுன்னா ஒம்பது போடும்மா."

"பதினாலுன்னு போட்டுடறேன். யாரும் ஏறி வந்து எண்ண மாட்டாங்க. ரெண்டாவது மாசம் மாமா இது."

"பதினாலு போட்டா அப்பால எனக்கப்புறம் வர்ற ஆளுகிட்ட பதினெட்டு கேப்பாங்க."

தாழ்வாரத்தில் யாரோ ஒரு பெரியவர் பெட்டியோடு, ரூம் ஆச்சாம்மா என்று கேட்டார். உக்காருங்க தாத்தா, அரை மணி ஆவும் என்று அகிலா அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"உதாரணம் ஒண்ணு எழுதணும்," என்றாள்.

"பாத்ரூம் கதவத் தொறந்து வச்சு, ரெண்டு தடவ அலசிக் கழுவுறான். அதனால லேட்டாவுதுன்னு எழுது."

எழுதி, எனக்குப் படித்துக் காட்டினாள். சரியாக இருந்தது. இரண்டு மார்க்குப் போட்டாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி வாளியை நகர்த்தினேன்.

அவள் இறங்கிப் போனதும் 308-ஐ முடித்துப் பெரியவருக்குத் திறந்துவிட்டேன். அப்புறம் 311. அதோடு இன்றைக்கும் ஒன்பது.